பதவுரைக்கு முந்திய இன்பம்

செய்யுளின் பொருளை அறிந்த பிறகுதான் குழந்தை அதில் இன்புற வேண்டுமா, அன்றி இன்புற்ற பிறகு பொருளை நாடினால் போதுமா என்னும் வினா, வகுப்பறையில் நிற்கும் உபாத்தியாயருக்கு மட்டும் உரியதன்று. பாட்டையே வழிபாடாகக் கொண்ட எல்லாச் சமயங்களுக்கும் உரியது. பொருளுணர்ந்து ஓதுவோரைச் சிவபுரத்துக்கு உரியவராக்கிய மாணிக்கவாசகர், அந்த நியமத்தைச் சிவபுராணத்தின் வாயிலில் வைக்கவில்லை. 95 அடிகளில், வாழ்த்தும் போற்றியும் அலையலையாய் வந்து செவியை நிறைத்து, நெஞ்சை நெகிழ்வித்த பின்னர், இறுதியில்தான் வைத்தார். அந்த வரிசையில் ஆழ்ந்ததொரு போதனை இருப்பதாக நான் கருதுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தைக் காண வருவோர் அதன் விளக்குகளையும் தரையில் பதித்த சீன ஓடுகளையும் வியந்து செல்கிறார்கள். ஆனால் கொச்சி யூதர்களின் பெருஞ்செல்வமாக எனக்குத் தோன்றுவது அவர்களுடைய பெண்கள் கல்யாணங்களிலும் பண்டிகைகளிலும் பாடிவந்த மலையாளப் பாட்டுகளே. அவற்றைக் கையால் நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பேணினார்கள்; தாயரும் பாட்டியரும் பாடக் கேட்டே சிறுமியர் கற்றார்கள். தலைமுறைகளைக் கடந்து வந்ததில், பழைய பாட்டுகள் சிலவற்றின் சொற்கள் பாடியவர்களுக்கே விளங்காத அளவுக்குத் திரிந்தும் போயின. ஆயினும் அவர்கள் அவற்றைக் கைவிட்டாரில்லை. 1950-களில் அச்சமூகத்தாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் உடன் சென்றன. ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த தொகுதி, 'கார்குழலி' என்ற பெயரில், 2005-இல் ஹீப்ரு மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. பொருள் மங்கிய இடத்திலும் பாட்டு பிழைத்திருந்ததனால் அல்லவா பின்வந்த அறிஞர்க்குப் பொருளைத் தேட இடம் கிடைத்தது?

நம் வகுப்பறைகளிலோ இந்த வரிசை தலைகீழாயிருக்கிறது. செய்யுளை ஒருமுறையேனும் வாய்விட்டுப் படிக்குமுன் பதவுரை; பதவுரை முடியுமுன் அணியின் பெயர்; அதன் பின் பரீட்சை. எறணாகுளத்துக் கலூரில் பிறந்து, பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்த வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோன் 1936-இல் வெளியிட்ட 'மாம்பழம்' என்னும் மலையாளக் கவிதை, பூங்கொத்தை ஒடித்ததற்காகத் தாய் கடிந்துகொண்ட குழந்தை, மாம்பழம் உதிரும் காலத்தில் உயிரோடு இல்லாமற்போன துயரத்தைச் சொல்வது. அதைக் கேட்டுத் தொண்டை அடைத்துப்போன சிறுவனிடம் அந்தக் கணமே விருத்தத்தின் பெயரைக் கேட்பது, பிரார்த்தனையில் இருப்பவனைத் தட்டி எழுப்புவதற்கு ஒப்பானது.

பொருள் வேண்டாம் என்று நான் வாதிக்கவில்லை. பொருளற்ற ஓசையில் மயங்கி நிற்பதும் ஒருவகைக் குறைதான். குழந்தையே பொருளைக் கேட்கும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் வீட்டுமொழியாய் வழங்கும் மட்டாஞ்சேரியில் இதற்குத் தனி உபாயம் தேட வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் ஒரு குழந்தை தன் வீட்டுப் பாட்டைப் பாடட்டும். மற்றவர்கள் பொருள் தெரியாமலே முதலில் கேட்கட்டும். பாடி முடித்ததும் எவளேனும் ஒரு சிறுமி அதன் அர்த்தத்தை விசாரித்தால், விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியர் அல்லர், பாடிய குழந்தையே.