ஒரே வீடு, இரண்டு செய்திகள்

2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் தீபிகா பள்ளிக்கல் ஸ்குவாஷில் இரண்டு உலகப் பட்டங்களை வென்றார். பெண்கள் இரட்டையரில் ஜோஷ்னா சின்னப்பாவும் கலப்பு இரட்டையரில் சௌரவ் கோஷலும் அவருடைய ஜோடிகள். அதே நாட்களில் அவருடைய கணவர் தினேஷ் கார்த்திக் ஐபிஎல்லில் பெங்களூரு அணிக்காகக் கடைசி ஓவர்களில் வெளுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரில் 330 ரன், ஜூனில் மறுபடி இந்திய அணி. வீட்டில் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம். மனைவியைப் பற்றிய செய்தி பிள்ளைகளில் தொடங்கியது. கணவரைப் பற்றிய செய்தி ரன்னில்.

‘பிள்ளை பெற்ற ஆறே மாதத்தில்’ என்று எழுதுவது பொய்யில்லை, பாராட்டும்கூட. ஆனால் அந்த வியப்புக்கு அடியில், பெற்றவள் இந்நேரம் ஆட்டத்தை விட்டிருப்பாள் என்ற எண்ணம் படுத்துக் கிடக்கிறது. 2012 மே மாதம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டை வென்று விஸ்வநாதன் ஆனந்த் உலகப் பட்டத்தைத் தக்கவைத்தபோது அவருடைய மகனுக்கும் ஒரு வயதுதான். அதைத் தலைப்பாக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றியது?

விழுப்புரம் மைதானத்திலோ திண்டிவனத்துப் பள்ளித் திடலிலோ கபடி ஆடும் பெண்ணின் வீட்டில், விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவரே அவளுக்கு வரனும் பார்ப்பார். ‘தாயான பின்பும் சாதனை’ என்ற தலைப்பு, இதெல்லாம் லட்சத்தில் ஒருத்திக்குத்தான் என்று அவர் காதில் சொல்லும். எழுதியவர் அதை நினைத்திருக்க மாட்டார். இருந்தாலும் அந்தப் பெண்ணின் காலணி பரணுக்குப் போவதில் அந்தத் தலைப்புக்கும் பங்குண்டு.

அதற்காகத் தாய்மையை மறைத்து எழுதுவதும் நியாயமாகாது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வழியே கடற்கரைச் சாலையில் போனால் வரும் மாமல்லபுரத்தில், 2022 செஸ் ஒலிம்பியாடில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். வளைகாப்பு, விருந்து எதுவும் வேண்டாமென்று ஒதுக்கிப் பதக்கத்துக்காகவே இருந்ததாக அவரே பிறகு எழுதினார். ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணிக்கு அந்த வெண்கலமே முதல் பதக்கம். அவருடைய வயிற்றைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வயிற்றோடு நிறுத்தி, அவருடைய ஆட்டத்தை விட்டுவிடுவதுதான் குறை. அதே அணியின் முதல் பலகையில் ஆடிய கோனேரு ஹம்பியும் ஒரு தாய். படத்தில் அது தெரியாததால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ் 2019இல் தன் தாய்மையைப் பற்றி எழுதியபோது பேசியது ஒப்பந்தத்தைப் பற்றி: பேறுகாலத்தில் ஓட்டம் குறைந்தால் ஊதியமும் குறையலாமா? நைக்கி நிறுவனம் அதே ஆண்டு தன் விதியை மாற்றியது. அற்புதம் என்று வியந்திருந்தால் அந்த விதி அசைந்திருக்காது.

நிருபர் கேட்கவேண்டியவையும் இவைதான்: பயிற்சி நேரத்தில் பிள்ளையை யார் பார்த்தார்கள், உடம்பு தேற எத்தனை மாதம் ஆனது, சம்பளம் வந்ததா? அந்த ஏப்ரலில், ஆட்டம் முடிந்து வந்த தினேஷ் கார்த்திக்கிடமும் கேட்டிருக்கலாம், இரட்டையர் ராத்திரியில் தூங்குகிறார்களா என்று.