கலத்தின் விகாரமும் ஆன்மாவின் வினையும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் ஒருத்திக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவரும்போது, "போன ஜென்மத்துப் பாவம்" என்ற வார்த்தை லயத்தில் எழுவதுண்டு. சொல்பவர் கல்நெஞ்சினர் அல்லர். காரணமற்ற துன்பத்தினும் காரணமுள்ள துன்பம் தாங்கத்தக்கது என்றெண்ணியே சொல்கிறார். ஆயினும், நோயின் பாரத்தோடு குற்றத்தின் பாரத்தையும் அவள்மீது ஏற்றும் அச்சொல் சைவ சித்தாந்தத்துக்கு இசைந்ததுதானா என்று ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் நோய் எழும் விதத்தைப் பார்ப்போம். இரத்தப் புற்றுநோயின் நாட்பட்ட மைலாய்டு வகையில், எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரேயொரு மூலக் கலத்தில், 9ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் 22ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்னும் இருவர் கண்ட குறுகிய நிறமூர்த்தம் இவ்விடமாற்றத்தின் விளைவே என்று 1973இல் ஜேனட் ரௌலி அம்மையார் நிறுவினார். இது பெற்றோரிடமிருந்து வந்ததன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று. தடுக்கப்படாவிடின், சில ஆண்டுகளில் விகாரத்தின்மேல் விகாரம் சேர்கிறது: 8ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகுகிறது, 17ஆவது உருக்குலைகிறது, பிழைபட்ட கலத்தை அடக்கும் காவல் ஜீன் அழிகிறது, முதிராத கலங்கள் குருதியில் பெருகுகின்றன. 2001 முதல் வழங்கிவரும் இமாடினிப் என்னும் மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தையே சில கலங்கள் மாற்றிக்கொள்வதும் உண்டு.

பிறவிதோறும் சேர்ந்து கிடக்கும் பழவினையாகிய சஞ்சிதம் பெருகுவதையே இது ஒத்திருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒப்புமை அங்கேயே நின்றுவிடுகிறது. வினையாவது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் ஓர் ஆன்மா இயற்றுவது. கலத்துக்கு இச்சையில்லை, அது மாயையின் காரியமான உடம்பின் கூறாதலால் விகாரப்படுவது அதன் இயல்பு. அவ்வுடம்பே, இப்பிறவியில் பயன்தர வந்த வினையாகிய பிராரத்தத்தை நுகர வந்ததன்றோ என்று ஒருவர் வினவலாம். வினவட்டும், வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்று கூறும் அதே சித்தாந்தம், இன்ன வினைக்கு இன்ன நோய் என்று அயலவளின் ஏட்டைப் படிக்கும் அதிகாரத்தை நமக்கு எங்கும் வழங்கவில்லை.

நமக்கு எட்டுவது, இப்போது புதிதாய் இயற்றும் வினையாகிய ஆகாமியம் ஒன்றே. 38ஆம் அதிகாரத்தில் ஊழை வைத்த வள்ளுவர், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் வைத்தார். விதியென்று கேட்டுக் கேட்டு மனம் தளர்ந்து அவள் குளிசையை நிறுத்திவிட்டால், அடங்கியிருந்த கலங்கள் மீண்டும் பெருகக்கூடும். அதில் முற்பிறவிக்கு இடமில்லை, சொன்ன வாய்க்கு இடமுண்டு. மஹரகமைக்கோ கண்டிக்கோ கிளினிக்குக்குப் போகும் நாளில் அவளுக்குப் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை. அந்தப் பேரை வெட்டாதிருக்கத் தோட்டத்தாலும், அவள் திரும்பும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போட அடுத்த காம்பராவாலும் முடியும்.