ஆகுமானதும் மேலானதும்

“மார்க்கம் நான்கு வரை அனுமதித்திருக்க, ஒருத்தியோடு வாழ்வதே மேல் என்று எப்படிச் சொல்லலாம்?” என்று நம்மவர்களில் சிலர் கேட்கின்றனர். கேட்பவர்கள் ஆண்மக்கள். அடுக்களையிலிருந்து அதைக் கேட்கும் மனைவியின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

அனுமதியை நாம் மறுக்கவில்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதைத் தடுக்க நாம் யார்? ஆனால், அது வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அன்றைய அரபகத்தில் மனைவியருக்குக் கணக்கே கிடையாது. பத்து மனைவியரோடு இஸ்லாத்தைத் தழுவிய கைலான் என்பாரை, நால்வரை மட்டும் வைத்துக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அனுமதி என நாம் சொல்வது, அன்று ஒரு வரம்பாகவே வந்தது!

சூரா அன்னிஸாவின் 3-ஆம் வசனம் யத்தீம்களுக்கு நீதி செய்வதைக் கூறித் தொடங்குகிறது. நீதி செலுத்த இயலாதென அஞ்சினால் ஒருத்தியே போதும், அநீதியிலிருந்து விலகி நிற்க அதுவே நெருக்கமான வழி என்று முடிகிறது. அதே சூராவின் 129-ஆம் வசனமோ, எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே முழு நீதி செலுத்த உங்களால் முடியாது என்கிறது. இது உள்ளத்து அன்பைக் குறிக்கும் என்றும், உணவு, உடை, இருப்பிடம், இரவு முறை ஆகியவற்றில் சமம் பேணுவது கடமை என்றும் இமாம்கள் விளக்கினர். இக்கடமையை நிறைவேற்றுவோர் எத்தனை பேர்? தக்க தேவையின்றி ஒன்றுக்கு மேற்படாதிருப்பதே சுன்னத்து என ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுவதும் இதனாலன்றோ!

கதீஜா நாயகி (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வேறு மனைவி இருந்ததில்லை. அவர்களின் இளமை முழுதும் ஒரே இல்லறத்தில் கழிந்தது.

ஆயினும், “எனக்கு ஒருத்திதான்” என்று பெருமை பேசுவோருக்கும் ஒரு சொல். அந்த ஒருத்தியின் மஹரைக் கொடாமல், கடுஞ்சொல்லால் அவளை வதைப்பவன் நீதிமானா? மேன்மை எண்ணிக்கையில் இல்லை, நீதியில் இருக்கிறது. நீதி தவறிவிடுமோ என அஞ்சுபவனுக்கு ஒன்றே பாதுகாப்பு.

இரு மனைவியரில் ஒருத்தியின் பக்கமே சாய்பவன், மறுமையில் ஒரு பக்கம் சாய்ந்தவனாக வருவான் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே, “எனக்கு ஆகுமா?” என்று கேட்குமுன், “இதற்கு நான் பதில் சொல்ல முடியுமா?” என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். வல்ல நாயன் நம் இல்லங்களை நீதியால் நிரப்புவானாக! ஆமீன்.