பாத்துக் குடுங்க

பழைய மரச்சாமான் வியாபாரத்தில் பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டும் என்றில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே நல்ல லாபம் நிற்கும். இந்தத் தொழிலில் நியாய அநியாயம் பேசுவது சிக்கலாவது அதனால்தான். பொய்யைப் பிடித்துவிடலாம், பேசாமல் இருந்தவனை என்ன சொல்லிப் பிடிப்பது?

சென்னையின் மேற்குப் பக்கத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், பாடியில் இருந்த கம்பெனிகளுக்கும், 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருட்டிவிட்ட ஆவடி ஆலைக்கும் அந்தக் காலத்தில் வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கித் தனி வீடு கட்டினார்கள். அந்த வீடுகள்தான் இப்போது ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடியாகின்றன. ஜாயிண்ட் வென்ச்சர் பத்திரம் முடிந்ததும் பில்டருக்குக் காலி வீடு வேண்டும். தேக்குக் கட்டில், பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, ஊஞ்சல் பலகை, தாத்தா காலத்து மேஜை எல்லாம் கூடத்தில் நிற்கும். போகப்போகிற இரண்டு பெட்ரூம் வாடகை வீட்டுக்கு இதில் பாதி படியேறாது. பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

கடைக்காரர் வருகிறார். மேஜையின் இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்த்துப் பார்க்கிறார். மூலையில் பல் பல்லாக வெட்டிக் கோத்த இணைப்பு ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கையால் உளி பிடித்துச் செய்தது. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெஷின். அடிப்பலகையில் இழைப்புளி ஓடிய தடம் விரலுக்குத் தட்டுகிறதா, வெளிச்சமே படாத அந்த இடத்தில் மரம் கறுத்திருக்கிறதா என்று தடவுகிறார். ஒரு நிமிஷ வேலை. அந்த இழுப்பறையைத் தினமும் திறந்து மூடிய வீட்டுக்காரம்மா அதை ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார். இழுப்பறையைத் திரும்பச் செருகிவிட்டு, "எல்லாத்துக்கும் சேத்து ஒரு ரேட் போட்டுக்கலாம்மா" என்கிறார் கடைக்காரர். "நீங்களே பாத்துக் குடுங்க தம்பி" என்கிறார் அந்த அம்மா.

மொத்த ரேட் என்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். கட்டிலும் நாற்காலியும் பேச்சில் பெரிதாக அடிபடும். மேஜையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மொத்தத்தில் அதற்கு விழுந்த விலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விலையாகக்கூட இருக்கலாம்.

இது மோசடியா? சட்டத்தைக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே சொல்லும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு, வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது என்கிறது. அதற்கு அது காட்டும் உதாரணம் குதிரை. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் சொல்லவில்லை, மோசடி இல்லை. ஆனால் அதோடு சட்டம் நிற்கவில்லை. வாங்குபவள் அப்போதுதான் வயதுக்கு வந்த அவனுடைய மகள் என்றால், அந்த உறவே அவனுக்குச் சொல்ல வேண்டிய கடமையை உண்டாக்குகிறது. இன்னொருவன், "நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகு விற்பவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நுட்பமான இடம் இருப்பது ஆச்சரியம்தான்.

"பாத்துக் குடுங்க" என்ற சொல்லை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் அது நிற்குமா நிற்காதா என்பது வக்கீல்கள் பாடு. அறத்தின் கணக்கில் அந்தச் சொல் விழுந்த நிமிஷமே பேரம் முடிந்துவிடுகிறது. எதிரே நின்று விலை கேட்க வேண்டியவர் அந்த வேலையையும் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் வாங்குபவர் மட்டும் இல்லை, விற்பவருக்காக மதிப்புப் போடுகிறவரும் அவர்தான். இரண்டு பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் வேலை செய்வதுதான் தப்பு.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு, லேசான நியாயம் இல்லை. அந்தக் கண் அவருக்குச் சும்மா வரவில்லை. பட்டறையில் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்த நாளிலிருந்து சேர்த்தது. வாங்கிய பத்தில் இரண்டு சாமான் உள்ளே செல்லரித்துப் போயிருக்கும். நல்லதாக அமைந்ததும் குடோனில் மாதக்கணக்கில் கிடக்கும், வாடகை ஓடும். ஆசாரிக்குக் கூலி, பிரம்பு பின்னுகிறவருக்குக் கூலி. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வரவில்லை என்றால் அந்த மேஜை என்ன ஆகியிருக்கும்? வீடு இடிக்கிறவர்கள் கதவு நிலையோடு சேர்த்து லாரியில் ஏற்றியிருப்பார்கள், அல்லது விறகாகியிருக்கும். ஒரு நல்ல பொருளைக் காப்பாற்றியவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் காப்பாற்றியதற்குக் கூலி உண்டு, அலைந்ததற்கும் முதல் போட்டதற்கும் கண்ணுக்கும்கூட லாபம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு தொகை மிச்சம் நிற்கிறது. அது அந்த அம்மா நம்பியதால் மட்டுமே வந்த தொகை. அதை எந்தச் செலவுக் கணக்கிலும் எழுத முடியாது.

சண்டிகர் நாற்காலிகளின் கதையை இதற்கு எதிராக நிறுத்திப் பார்க்கலாம். 1950-களில் அந்த நகரம் உருவானபோது, லெ கார்பூசியேவின் உறவினரும் கூட்டாளியுமான பியேர் ஜன்னரே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தார். பிற்பாடு அவை உடைந்து, மொட்டை மாடிகளில் குவிந்து, கழிவுப் பொருளாக ஏலம் போயின. ஐரோப்பிய வியாபாரிகள் அவற்றை வாங்கிப் புதுப்பித்து, அங்குள்ள ஏலக் கூடங்களில் பெருந்தொகைக்கு விற்றார்கள். 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அந்தச் சாமான்களைப் பாதுகாக்கச் சொல்லி உத்தரவிடும் அளவுக்கு விஷயம் போனது. நாற்காலியின் பின்புறம் அலுவலகக்காரர்கள் பெயின்டில் எழுதிய துறைப் பெயரும் எண்ணும்தான் இன்று அசல் என்பதற்கு அத்தாட்சி. தேய்த்துச் சுத்தம் செய்துவிடாமல் விட்டவர்களுக்கு அதிர்ஷ்டம்.

அந்த வியாபாரிகள் மேல் பலருக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் பாதி இடம் மாறிப் போகிறது என்றே தோன்றுகிறது. அங்கே விற்றது ஓர் அரசாங்கம். அதற்குக் கட்டடக் கலைக் கல்லூரி இருந்தது, அருங்காட்சியகம் இருந்தது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. ஏலம் என்று கூவி விற்றது. "நீங்களே பாத்துக் குடுங்க" என்று யாரையும் நம்பி ஒப்படைக்கவில்லை. தூங்கியது பொறுப்பில் இருந்தவர்கள். ஐரோப்பிய வியாபாரி சண்டிகரில் செய்ததை அம்பத்தூர் கூடத்தில் ஒருவர் செய்தால் லாபம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் தப்பு பெரியது.

இந்தத் தகராறு நமக்குப் புதிதும் இல்லை. ரோமானிய அறிஞர் சிசரோ 'கடமைகள்' பற்றிய தம் நூலில், வீட்டை விற்கும் ஒருவனைக் கொண்டுவருகிறார். மரம் சொத்தை, படுக்கையறைகளில் பாம்பு. விற்பவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டுமா? அவர் தீர்ப்பு, சொல்ல வேண்டும். நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழ்வது எல்லோருக்கும் தெரியும். விற்கும்போது குறைத்துக் கொடுக்காததை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். வாங்கும்போது மிகுதியாக வாங்காததையும் சேர்த்தே அது பாராட்டுகிறது. அந்தப் பாதி வியாபாரிகள் காதில் விழுவதே இல்லை.

பொருள் பட்டறைக்குப் போய்த் திரும்பியதும் மௌனம் வேறு பக்கம் திரும்புகிறது. இப்போது ஏமாறக்கூடியவர் வாங்க வருகிறவர். வண்டு துளைத்த ஓட்டையை மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் ஏற்றிவிட்டால் தெரியாது. உடைந்த இரண்டு அலமாரியில் ஒன்று தேற்றியிருக்கலாம். முதுகுப் பலகை போன வருஷத்துப் பிளைவுட்டாக இருக்கலாம். டீ டிகாஷனும் பெர்மாங்கனேட்டும் பூசி, சங்கிலியால் நாலு அடி அடித்துப் புது மரத்துக்கு வயசு ஏற்றுகிற வித்தையும் உண்டு. இவற்றில் கடைசியைத் தவிர மற்றவை பழுதுபார்ப்புதான், தப்பில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் கைவேலை. மறைத்தால் அதே வேலை திருட்டு.

அதைவிடச் சிறிதாகத் தோன்றும் பொய் பெயரில் இருக்கிறது. கொஞ்சம் செதுக்கு வேலை தெரிந்தால் செட்டிநாடு, கொஞ்சம் கறுத்திருந்தால் பர்மா தேக்கு, ஐம்பது வயதானால் ஆன்டிக். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கைவினைப் பொருளுக்குக் கேட்பது குறைந்தது நூறு வயது. அப்படிப்பட்ட தொல்பொருளை விற்கக் கடைக்காரரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி கிடையாது. ஆவடி வீட்டிலிருந்து வந்த 1960-களின் அலமாரி நல்ல அலமாரி, அவ்வளவுதான். காரைக்குடி வீடு ஒன்று பங்காளிகளுக்குள் பிரிந்து இடிந்த வரலாற்றை அதன் தலையில் கட்டினால், அந்த வரலாற்றுக்கும் மரியாதை இல்லை, இந்த அலமாரியைச் செய்த ஆசாரிக்கும் மரியாதை இல்லை.

கடைக்காரர் தன் விற்பனை விலையை வாசலிலேயே சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்: மொத்த ரேட் போடாமல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, "இந்த மேஜை மட்டும் நல்ல சாமான்மா, வேணும்னா இன்னொரு கடையில கேட்டுப் பாருங்க" என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு நடப்பது நேர்மையான பேரம்.

வீட்டைக் காலி செய்கிறவர்களே, இரண்டு கடையிலாவது தனித்தனியாக விலை கேளுங்கள், முன்னதாக இழுப்பறையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வாங்கப் போகிறவர்கள், சாமானுக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து நாலு தட்டு தட்டுங்கள். மாவு போலத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். எது அசல், எது மாற்றியது, எந்த மரம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.