தேசம், காலம், பாத்திரம்

வாக்கு, கண், செவி, மனம், பிராணன் ஆகியவற்றுள் பெரியது எது என்று ஒருமுறை வழக்கு எழுந்ததாகச் சாந்தோக்ய உபநிஷத்து கூறுகிறது. முதல் நான்கும் ஒவ்வோர் ஆண்டு உடலை விட்டு விலகியிருந்து பார்த்தன. ஊமையாகவும் குருடாகவும் செவிடாகவும் மனமற்றும் உடல் எப்படியோ வாழ்ந்தது. பிராணன் புறப்படத் தொடங்கியதுமே மற்ற நான்கும் நிலைகுலைந்து அதன் பெருமையை ஒப்புக்கொண்டன.

இக்கதையைக் கேட்காமலே அதன் உண்மையை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் வாழும் எழுபத்திரண்டு வயது மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுகள் வறட்டியும் விறகும் எரித்துச் சமைத்தவர். புகைபிடிக்காதவருக்கும் அடுப்புப்புகை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைத் தரும். நோய் முற்றிலும் தீராது. ஆயினும் நாள் தவறாமல் உறிஞ்சும் மருந்தால் மூச்சுத்திணறல் தணியும்.

2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமான வரம்பின்றி, எழுபது வயது நிறைந்தோருக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உதவி உண்டு. பெரிய நன்மைதான். ஆனால் வீட்டிலிருந்தபடி மாதந்தோறும் வாங்கும் இன்ஹேலருக்கு அது பொருந்தாது. மூச்சு முட்டி வண்டியில் ஏற்றினால் பணம் உண்டு. முட்டாமல் காக்கும் மருந்துக்குக் கைப்பணமே கதி! ஆகவே மூதாட்டி நாளைக்கு இருமுறை உறிஞ்ச வேண்டியதை ஒருமுறையாக்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மகனிடம், "இன்று நன்றாகவே இருக்கிறது, பேட்டா" என்பார்.

பிரதிபலன் கருதாமல், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்கு அளிப்பதே சாத்வீக தானம் என்கிறது கீதையின் பதினேழாம் அத்தியாயம். காலம் என்றதும் பலர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். இம்மூதாட்டிக்கு உரிய காலம், மார்கழிப் பனிமூட்டம் இறங்குவதற்கு முந்தைய வாரம். மருந்து தீர்வதற்கு முந்தைய நாள். அவசரச் சிகிச்சைக்கு ஊர் கூடி வசூலித்துத் தருவது எளிது. அதில் ஒரு பரபரப்பும் உண்டு. மாதந்தோறும் சில நூறு ரூபாயை ஓசையின்றித் தருவதற்குத்தான் தவம் வேண்டும். இனி, பாத்திரம் யார்? கேட்பவர் மட்டுமல்லர். கேட்க நாணுகிறவரைத் தேடித்தான் செல்ல வேண்டும்.

அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், ஒரு மாதத்து மருந்து இரண்டரை மாதம் நீடிப்பதைக் கவனிக்கிறார் என்று கொள்வோம். அவர் காரணம் கேட்டு மூதாட்டியைக் கூச வைக்கவில்லை. மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரித்து, மாதத் தொடக்கத்தில் வாங்கி வருகிறார். அதை உறிஞ்சும் முறையையும் உடனிருந்து பழக்குகிறார்.

"இந்தக் கிழவிக்கு எதற்கப்பா செலவு?"

"அம்மாஜி, சிறுவயதில் எனக்கு எத்தனை ரொட்டி சுட்டுத் தந்தீர்கள்! அந்த அடுப்புப்புகையில் எனக்கும் பங்குண்டு."

மூதாட்டி உள்ளே சென்று ஒரு வெல்லக்கட்டியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். பிரதிபலன் கூடாது என்று இளைஞர் மறுக்கவில்லை. அமர்ந்து, முழுவதையும் உண்டார்.