வறட்சியும் அருள்மழையும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் நிறுவியது. அங்குள்ள மருந்துக் கடைகளில் வேரும் பட்டையும் இலையும் காய்ந்த நிலையில் குவிந்திருக்கும். காய்ந்தது என்றால் உயிர் போனது என்றே நாம் கொள்கிறோம். இயற்கையோ சில தாவரங்களைக் கொண்டு இக்கருத்தைத் திருத்துகிறது.

செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ் என்பது பூவும் விதையும் இல்லாத ஒரு சிறு தாவரம். விந்திய மலைப் பகுதியின் பாறைகளில் வளரும் இதனை மக்கள் சஞ்சீவனி என்று அழைக்கின்றனர். கோடையில் இது தன் கிளைகளை உட்புறமாகச் சுருட்டிக்கொண்டு பழுப்பு நிற உருண்டையாகிவிடும். நீர் வற்றத் தொடங்கும்போதே இத்தகைய தாவரங்கள் தம்மை ஆயத்தம் செய்துகொள்கின்றன. உயிரணுக்களில் சேர்ந்த சர்க்கரைப் பொருள்கள் கண்ணாடிபோல் இறுகி, மெல்லிய சவ்வுகள் சிதையாதபடி காக்கின்றன. மழை பெய்ததும் சில மணி நேரத்தில் சுருள் விரிகிறது, பசுமை திரும்புகிறது.

கொல்லிமலையில் கிடைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் ஒரு பெரணியின் தண்டே. வெயிலில் இலைகள் கருகினாலும், செதில் போர்த்திய அத்தண்டு பாறையைப் பற்றியபடி உயிரோடிருக்கும்.

இவை இனம் பெருக்கும் முறையும் சிந்தனைக்குரியது. விதையில் கருவும் அதற்கு வேண்டிய உணவும் உண்டு. பெரணியின் ஸ்போரோ ஒரே ஓர் உயிரணு. உறுதியான உறை ஒன்றே அதன் செல்வம். காற்றில் பறந்து, ஈரம் கண்ட இடத்தில் அது முளைக்கிறது. நகத்தளவுகூட இல்லாத பசுந்தழையாகிறது. அதில் தோன்றும் ஆண் அணு, நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றுதான் பெண் அணுவை அடைய வேண்டும். அந்த நீரைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் தாவரத்திற்கு இல்லை.

சாதகனின் வாழ்விலும் வறண்ட காலம் வருகிறது. ஜபத்தில் சுவை இல்லை. தியானத்தில் மனம் நிற்பதில்லை. ‘இறைவன் என்னைக் கைவிட்டான்’ என்று பலர் சாதனையையே விட்டுவிடுகின்றனர். அங்கேதான் இழப்பு நேர்கிறது. உலர்வது வேறு, இறப்பது வேறு. புலன்களை அடக்கிக் காத்திருப்பவனுக்கு, ஈரமிருந்த நாட்களில் சேர்த்த நற்பழக்கமே உறையாகிறது.

மழையை நாம் வரவழைக்க இயலாது. ஆனால் அதே மழை வைக்கோல் மீதும் பெய்கிறது, சஞ்சீவனி மீதும் பெய்கிறது. வைக்கோல் மக்குகிறது, சஞ்சீவனி தளிர்க்கிறது. வேறுபாடு மழையில் இல்லை. ஆகவே சுவை இருப்பினும் இல்லாவிடினும், குறித்த வேளையில் ஆசனத்தில் அமர்வோம். அருள் வரும்போது நம்மிடம் உயிர் இருக்கட்டும்.