முதலில் தூக்கத்தைக் கேளுங்கள்

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பிள்ளைகளைப் பாருங்கள். பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் இருந்து வந்தவர்கள்; ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்தும். "சாப்பிட்டியா? சம்பளம் போட்டாச்சா?" என்று வீட்டில் கேட்பார்கள். "நல்லாருக்கேன்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கான்ட்ராக்ட் நீளுமா என்ற பயமும் வீட்டுக் கடனும் உள்ளேயே கிடக்கும்.

ஷிப்ட் மாற மாற உடம்பின் கடிகாரம் குழம்புகிறது. தூக்கம் கெட்டால் சூப்பர்வைசரின் சின்னச் சொல்கூடச் சுடும். இதை மனவலிமைக் குறைவு என்பது அநியாயம். "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று கேளுங்கள், பேச்சு தானாகத் திறக்கும். பகலில் தூங்கும் தோழிக்காக ஜன்னலை மூடி, போனைச் சைலன்ட்டில் வைக்கும் அறைத்தோழி செய்வதும் வைத்தியம்தான்.

யாரிடமும் சொல்ல முடியாதபோது 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது: கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கன்னடம், இந்தியிலும். அதற்கும் மேல் உதவி வேண்டுமென்றால், அத்திப்பள்ளி தாண்டி நாற்பது கிலோமீட்டருக்குள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. அங்கே அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.